கஜேந்திரன் அண்ணா எழுதிய பாட்டு

செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் ரயில் நிலையப் படியில் இறங்கும்போது கோமதி அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. "உங்க அண்ணன் பூட்டாரும்மா" என்றார். அவர் கணவர், பாடலாசிரியர் கஜேந்திரன் அவர்கள், மறைந்துவிட்டார். பாடலாசிரியர் என்று அழுத்தியே எழுதுகிறேன். அந்தச் சொல்லைத்தான் அவரிடமிருந்து பறித்தார்கள்.

அனகாபுத்தூரில் அவர் நடத்திய மெல்லிசைக் குழுவில் நான் பாடகி. ஒருமுறை வண்டலூர்க் கல்யாண மண்டபத்தில், பந்தி தொடங்குமுன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையைக் கேலி செய்யும் பாட்டொன்றை என் கண்ணெதிரே எழுதினார். அடித்து அடித்துத் திருத்தினார். மேடையேறியதும், "இது எங்க பாட்டன் காலத்துப் பாட்டு" என்று அறிவித்தார். ஏனென்று கேட்டேன். "என் பாட்டுன்னா எழுந்து சாப்ட பூடுவானுங்க. பாட்டன் பாட்டுன்னா மரியாதையா கேட்டுகினு இருப்பானுங்க" என்று சிரித்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மனிதர். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

யாரோ அதைச் செல்போனில் பதிவுசெய்து உலவவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஒரு படத்தில் அந்தப் பாட்டு வந்தது. எழுதியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'நாட்டுப்புறப் பாடல்' என்றிருந்தது. வானொலியிலோ செல்போனிலோ பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் எழுதியவருக்குச் சட்டப்படி ஒரு பங்கு உண்டு. ஊருக்குப் பொது என்று எழுதிவிட்டால் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. திருட்டில் என்ன கெட்டிக்காரத்தனம்!

அண்ணா அந்தப் படப்பாடல்களை வெளியிட்ட இசை நிறுவனத்துக்குப் போய்க் கேட்டார். மேடையில் அவர் அறிவித்ததை அவருக்கே போட்டுக் காட்டி, "உங்க வாயாலயே சொல்லியிருக்கீங்களே சார்" என்றார்களாம்.

வழக்குப் போட்டார். சாட்சி சொல்ல என்னை அழைத்தார். அதே நிறுவனத்தில் எனக்குக் கோரஸ் பாடும் வேலை இருந்தது. "சரியா ஞாபகம் இல்லண்ணா" என்றேன். "வுடும்மா, உனக்கும் பொயப்பு கீது" என்றார். திட்டியிருக்கலாம்.

அவர் மறைந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவர் வீட்டு வாசலில் அந்த நிறுவனத்தின் மலர்வளையம் வந்து இறங்கியது. 'நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்த கலைஞருக்கு அஞ்சலி' என்றது அதன் பட்டை. தொகுத்தவராம்! செத்த பிறகும் விடவில்லை. "இது அவர் எழுதின பாட்டு. நான் பாத்தேன். இத எடுத்துக்கினு போ" என்று கொண்டுவந்தவனிடம் கத்தினேன்.

கோமதி அக்கா தலையை உயர்த்தினார். "இப்பதான் ஞாபகம் வந்துச்சா உனுக்கு?"

தெருவே பார்த்தது.

"கோர்ட்ல சொல்லு. இங்க இன்னாத்துக்கு கத்தினுகீற?"

எழுதியவர் மறைந்தாலும் அறுபது ஆண்டுகள் உரிமை குடும்பத்துக்கு இருக்கிறது. வழக்கை அக்கா தொடர்கிறார். சாட்சிப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கோரஸ் வேலை போய்விட்டது. அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை.

அன்று பாடை தெருமுனை திரும்பும்வரை பெண்களோடு நின்று பார்த்தேன். அண்ணா, மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நீங்கள் எழுதினீர்கள், நான் பார்த்தேன். போய் வாருங்கள்.