நான்கு வெட்டிவேர் வரிசைகள்

நவம்பர், முதல் செவ்வாய்: காஹாங்கிலுள்ள எங்கள் நிலத்தின் சரிவில் குறுக்காக நின்ற நான்கு வெட்டிவேர் வரிசைகளும் பிடுங்கப்பட்டன. புதன்: நேப்பியர் தீவனப்புல் மேலிருந்து கீழாக வரிசையாக நடப்பட்டது. வெள்ளி: மாலை முழுவதும் கனமழை. சனி: சரிவின் மேல்மண் கீழ்த்தோட்டத்துக் கீரைப் பாத்திகளில் கிடந்தது.

ஆடுகளுக்குத் தீவனம் வளர்க்க அந்தச் சரிவைப் பண்படுத்தியவள் என் மனைவி. அவள் இறந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. புல்வெட்டும் இயந்திரம் தடையின்றி இறங்கட்டும் என்று, பொறியியல் படித்த நான்தான் வெட்டிவேரைப் பிடுங்கச் சொன்னேன்.

வேலையாள் முனியாண்டி தயங்கினார். "வேணாம் லா சார். அதுதான் தண்ணிய நிப்பாட்டி மண்ணுல எறக்குது. அம்மா அதுல கைய வைக்கவே விடமாட்டாங்க."

"அம்மா இப்போது இல்லை. சொன்னதைச் செய்யுங்கள்."

சனிக்கிழமை, கீழ்த்தோட்டத்து ராஜம்மா தள்ளுவண்டி நிறைய மண்ணை மேலே கொண்டுவந்து என் முன்னே கொட்டினார்.

"உங்க மண்ணு சார், எடுத்துக்குங்க. அக்கா இருந்தவரைக்கும் எங்களுக்கு ஒரு பிடிகூடக் குடுத்ததில்ல. நீங்க ரொம்ப தாராளம்!"

அவரை ஏசத்தான் தோன்றியது. வெட்டிவேர் நட்ட காரணத்தைச் சொல்லாமலே போய்விட்டாளே என்று மனைவிமீதும் சினம் மூண்டது. அது நியாயமற்றது. எட்டு ஆண்டுகள் அந்த வரிசைகளைச் சன்னலிலிருந்து பார்த்தவன், அவை எதற்கு என்று அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தச் சினத்துக்கு உரியவன் நான் ஒருவனே.

இன்னும் செய்யாதவை:
ராஜம்மாவின் பாத்திகளை நானே சுத்தம் செய்வது.
சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேரை மீண்டும் நடுவது.
முனியாண்டியிடம் மன்னிப்புக் கேட்பது.