வரைபடத்தில் வரைந்த அலைகள்

அந்தமானில் தங்கையுடன் கடற்கரைக்குக் கிளம்பும் முன் குடிநீர், தொப்பி, மருந்து எல்லாவற்றையும் சரிபார்த்தேன். பயண வழிகாட்டி சுனாமிக்கு முன்பு அச்சானது என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

அது காட்டிய தென்னந்தோப்புப் பாதையில் திரும்பி வரும்போது, தண்ணீர் முழங்காலைத் தொட்டது. பட்டுப்போன தென்னைகள் கடலுக்குள் நின்றன.

“நமக்கு நீச்சல் தெரியுமான்னு உன் புத்தகத்தையே கேளு, அக்கா” என்றாள் தங்கை.

மேட்டிலிருந்து ஒரு பெண் கத்தினார்: “ருக்கோ, நில்லுங்க! சுனாமியில அந்த நிலமே எறங்கிப்போச்சு. பானி, தண்ணி ஏறுது, இப்பிடி வாங்க!” தங்கையின் கையைப் பிடித்து மேலே இழுத்தார். பிறகு என்னையும்.

இப்போதும் வழிகாட்டி இல்லாமல் நான் ஊர் சுற்றுவதில்லை. ஆனால் கிளம்பும் முன் அங்கிருப்பவர்களிடம் கேட்கிறேன். அந்தப் பழைய புத்தகத்தின் வரைபடத்தில், பாதை இருந்த இடத்தில் பேனாவால் அலைகள் வரைந்து வைத்திருக்கிறேன்.