அஞ்சு நிமிஷக்காரர்

"இதோ, தெரு முக்குலதான் இருக்கேன். அஞ்சே நிமிஷம்!" என்று கைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என் மச்சான். நிற்கிற இடம் குளியலறை வாசல். இடுப்பில் துண்டு, வாயோரத்தில் பற்பசை நுரை. எதிர்முனையில் இருப்பவர் நகரத்தின் மறுகோடியில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். பேச்சு முடிந்ததும் மச்சான் நிதானமாக வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டை தேடக் கிளம்புகிறார். சட்டை கிடைத்தால் கண்ணாடி காணாமல் போகும். வாசலில் வேன் நிற்கிறது. ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிவிட்டதால் இப்போது வேனை ஓட்டக் கூலிக்கு ஒருவரை வைத்திருக்கிறார். அந்த மனிதர் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு தூக்கம் போட்டுவிடுவார்.

வீடுகளில் மாட்டியிருக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கைராசிக்காரர் என்று பெயர். திருகாணியைப் பல்லில் கடித்துக்கொண்டே அந்த வீட்டுக் குழந்தையோடு வம்பளப்பார். கூப்பிட்டவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். இவர் வந்து ஒரு நகைச்சுவை சொன்னதும் கோபத்தை மறந்துவிடுவார்கள். பெயரைச் சொன்னால் பலருக்கு ஆளைத் தெரியாது. "அஞ்சு நிமிஷக்காரரா?" என்று கேட்டால் தெரியும்.

இந்த மனிதர்தான் ஒரு பெண்மணியின் சாவுக்குக் காரணமானார்.

அன்று மாலை லேசான தூறல். அண்ணனான இவர் வீட்டுக்குப் போயிருந்த என் மனைவியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லி வேனில் ஏற்றிக்கொண்டார். யாரோ ஒரு வாடிக்கையாளர் விடாமல் அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிச் சாலையில், பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகளின் மேல் நடந்துகொண்டிருந்த அந்த அம்மாள் மீது வேன் மோதியது. அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவர். பணி முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மச்சான் ஓடிவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த அம்மாளை இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு, செருப்பு எங்கே போனதென்று தெரியாமல், ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினார். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சோதனைக்காலம்.

முதல் வாரம் மழையின் மேல் பழி. "ரோடு வழுக்கிருச்சு மாப்ள." அடுத்த வாரம் தெருவிளக்கு. "அங்க ஒரு லைட்டு எரிஞ்சிருந்தா இது நடந்திருக்குமா, சொல்லு?" அப்புறம் அந்த அம்மாள் கட்டியிருந்த புடவையின் நிறம். பிறகு பிரேக். வண்டியைச் சோதித்த அதிகாரி பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்ததும், "அவரு என்ன, ஆபீஸ்ல உக்காந்தே எழுதியிருப்பாரு" என்றார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உப்புக் குப்பியை வேனாகவும் தண்ணீர்க் குவளையை அந்த அம்மாளாகவும் வைத்து நடந்ததை விளக்குவார். ஒவ்வொரு முறையும் குவளைதான் நகர்ந்துவந்து குப்பியின் மேல் மோதும். பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. ஒருநாள் குவளையை எடுத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "சாப்பிடுங்க மச்சான்" என்றேன்.

வக்கீலிடம் நானும் கூடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

"நான் என்ன கொலையா சார் பண்ணேன்?" என்றார் மச்சான்.

"கொலைன்னு யாருமே சொல்லலீங்க. கவனமில்லாம ஓட்டினதால ஒரு உயிர் போயிருக்கு. அதுவே குற்றம்தான்."

"வேணும்னு செஞ்சாத்தானே சார் குத்தம்? எனக்கும் அந்தம்மாவுக்கும் முன்னப்பின்ன பழக்கமே கெடையாதே!"

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வேணும்னு செஞ்சிருந்தா அது வேற கேஸ். நீங்க வந்திருக்கிறது இந்தக் கேஸுக்கு. இப்பச் சொல்லுங்க, போன் எங்க இருந்துச்சு?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

விபத்து நடந்த நேரத்தில் அழைப்பு இணைப்பில் இருந்ததைக் காவல்துறை கண்டுபிடித்துவிட்டது. ஆனால் போன் கையில் இருந்ததா, ஸ்பீக்கரில் போட்டு எதிரே வைத்திருந்தாரா என்பது வண்டியில் இருந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவர் என் மனைவி.

அன்றிரவே மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வழக்கமாக வந்ததும் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைத் திறந்து பார்ப்பவர், அன்று கூடத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"பாப்பா, போன் முன்னாடி ஸ்டாண்டுல இருந்துச்சுன்னு சொல்லிரு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

"நான் பாத்தேனேண்ணே."

"நீ என்னத்தப் பாத்த? நீ என் கூடப் பொறந்தவ."

"கூடப் பொறந்தவதான். பக்கத்துல உக்காந்திருந்தவளும் நான்தான். போன வைங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

அவர் என் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லேன் மாப்ள" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "இவர எதுக்கு இழுக்கறீங்க?" என்று அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது என்பதை நான் அந்த வருடங்களில் நன்றாகப் பழகிக்கொண்டேன்.

ஆம், வருடங்கள். நீதிபதி வந்தால் வக்கீல் வரமாட்டார். இருவரும் வந்தால் விசாரணை அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். எல்லோரும் வந்த ஒருநாள் என் மச்சான் வரவில்லை. வக்கீல் போன் செய்தபோது, "முக்குலதான் இருக்கேன் சார், அஞ்சே நிமிஷம்" என்றாராம். பிடிவாரன்ட் போடுவேன் என்று நீதிபதி சத்தம் போட்ட பிறகுதான் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த இடத்திலேயே அவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் கடைசி பெஞ்சில், இறந்த அம்மாளின் மூத்த மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய்தாவுக்குக்கூட அவள் தாமதமாக வந்ததில்லை. வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மடியில் சாப்பாட்டுப் பையோடு வருவாள். யாரிடமும் பேசமாட்டாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த பேசிட்டு வரட்டுமா?" என்று ஒருமுறை மச்சான் என் காதைக் கடித்தார்.

"என்னன்னு பேசுவீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "அன்னைக்கு மழைன்னு..."

"உக்காருங்க மச்சான்."

கடைசியில் என் மனைவி சாட்சிக் கூண்டில் ஏறினாள். போன் எங்கே இருந்தது என்று அரசு வக்கீல் கேட்டார்.

"காதுல. தோள்ல இடுக்கிக்கிட்டுப் பேசிட்டிருந்தாரு."

"என்ன பேசினார்?"

அவள் அண்ணனைப் பார்க்காமல் சொன்னாள். "முக்குலதான் இருக்கேன், அஞ்சு நிமிஷத்துல வந்துருவேன்னு."

"அப்போ அந்த வாடிக்கையாளர் வீடு பக்கத்திலா இருந்தது?"

"இல்லீங்க. ஒரு மணி நேரமாவது ஆகும். வீட்ட விட்டே அப்பத்தான் கெளம்பினோம்."

எத்தனையோ பேர் கேட்டுச் சிரித்த விஷயம் அது. நீதிமன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வக்கீல் எழுந்து, அந்த அம்மாள் திடீரென்று குறுக்கே வந்தாரா என்று கேட்டார். "இல்லீங்க. கோட்டு மேலதான் நடந்தாங்க. பாதி தாண்டிட்டாங்க" என்றாள். வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவ ஆரம்பித்தவள், நான் போய்க் குழாயை மூடும்வரை கழுவிக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து மச்சான் தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் எங்கள் வீட்டு இயந்திரத்துக்கு வடிகட்டி மாற்ற வேண்டிய மாதம் வந்ததும், அவள் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துக் கைப்பெட்டியோடு வந்து நின்றார். "தண்ணி என்ன மாப்ள பாவம் பண்ணுச்சு?" என்று சொல்லிவிட்டு வேலையை முடித்தார். மாற்றிய பழைய வடிகட்டியைக் கழுவு தொட்டியிலேயே போட்டுவிட்டுப் போனார். அவள் வந்து பார்த்தாள். எடுத்துக் குப்பையில் போட்டாள்.

போன மாதம் தீர்ப்பு. "நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது இந்த நீதிமன்றத்துக்குத் தெரியும். ஆனால் வண்டி ஓட்டும்போது சாலையைப் பார்த்திருக்க வேண்டியது உங்கள் கடமை" என்றார் நீதிபதி. ஒரு வருடச் சிறை. மேல்முறையீடு செய்ய அவகாசம் கொடுத்து, அதுவரை ஜாமீன். கையெழுத்துகள் போட்டு முடித்து அவரும் நானும் வெளியே வந்தோம். படியிறங்கும்போதே, "மேல போனா இது நிக்காது மாப்ள. அந்த லைட்டு விஷயத்த நம்ம ஆளு சரியா எடுத்தே சொல்லல..." என்று தொடங்கிவிட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வாசலில் அந்த அம்மாளின் மகள் நின்றிருந்தாள். எதிர்ப்பக்கம் போக வேண்டும். வண்டிகள் விட்ட பாடில்லை. ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். மச்சானின் பேச்சு பாதியில் நின்றது. நான் பிடிப்பதற்குள் சாலையில் இறங்கி நடுவில் போய் நின்று, வந்துகொண்டிருந்த பேருந்தைப் பார்த்து வலது கையை உயர்த்தினார். பேருந்து கிறீச்சிட்டு நின்றது. பின்னால் கார்கள் நின்றன. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து இடது கையால் "வாம்மா" என்பதுபோல் சாடை காட்டினார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பி, தெருக்கோடியில் இருந்த நடைமேம்பாலத்தை நோக்கி நடந்தாள். ஹாரன்கள் காதைப் பிளந்தன. பேருந்து ஓட்டுநர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். "மச்சான், வாங்க இந்தப் பக்கம்!" என்று நான் கத்தினேன். அவள் மேம்பாலத்தின் படிகளில் ஏறத் தொடங்கியிருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு, உயர்த்திய கையை இறக்காமல், நடுச்சாலையில் நின்றுகொண்டிருந்தார்.