பச்சைக்குப் பொருந்திய வார்த்தை

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், திருப்பூரில் தெருவுக்குத் தெரு ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு தொங்கிய காலம். பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசிங் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எனக்கும் பக்கத்து சீட்டுக்காரனுக்கும் ஓர் ஒப்பந்தம். தினம் காலையில் ஓர் இங்கிலீஷ் வார்த்தை. சாயங்கால டீக்குள் அதை உண்மையான ஒரு விஷயத்துக்குப் பொருத்திப் பேசிவிட வேண்டும். 'ஃபிரஜைல்', அதாவது எளிதில் உடையக்கூடியது, வந்த அன்று டீக்கடை பன்னைக் காட்டிச் சொன்னேன்.

"அத எறிஞ்சா செவருதாம்ல ஒடையும். செல்லாது" என்றான் பக்கத்து சீட்டுக்காரன். தூத்துக்குடிக்காரன். வார்த்தை விஷயத்தில் ஈவு இரக்கம் கிடையாது.

தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளிலிருந்து மேலே வந்தவன் அவன். தனியாகப் பார்த்த முதல் ஆர்டர் பச்சை டி-ஷர்ட். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் வருகிற அன்று காலையில்தான் சாயப்பட்டறையிலிருந்து துணி வந்தது. அவர் ஏற்கெனவே ஓகே செய்த சாம்பிளோடு வைத்துப் பார்த்தோம். ஒரு பொட்டு மஞ்சள் தூக்கல். ஆர்டர் கைவிட்டுப் போனால் அவனுக்கு மறுபடி செக்கிங்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

டிக்‌ஷனரியைப் புரட்டி அன்றைய வார்த்தையைப் பிடித்தேன்: நெக்லிஜிபிள். பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சின்னது.

"கேட்டா இதச் சொல்லுடா. சொல்றப்ப லேசாச் சிரி."

மாடிப்படி ஏறும்போதும் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

பையர் இரண்டு துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வித்தியாசம் எவ்வளவு என்று அவனையே கேட்டார். என் வாய் தானாக 'நெக்' என்று திறந்தது. அவன் குனிந்து துணியைப் பார்த்தான். நிமிர்ந்தான்.

"நோட்டீசபிள், சார்."

கண்ணில் படுகிற அளவுக்கு இருக்கிறதாம்! முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பையர் புருவத்தைத் தூக்கினார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். இந்த ஊரில் தனக்கு இப்படி ஒரு பதில் கிடைத்ததே இல்லை என்றார். சாயத்தைத் திருத்தித் தர ஒரு வாரம் கொடுத்தார்.

கார் கேட்டைத் தாண்டியதும் அவனைப் பிடித்தேன். "ஏன்டா இப்படிப் பண்ணுன?"

"சொல்லத்தாம்ல வாயத் தொறந்தேன். துணியப் பார்த்தா அந்த வார்த்த ஒட்டல."

முதலாளி வந்தார். "ஏனுங்க தம்பி, இங்க சொன்னத அந்தச் சாயப்பட்டறைக்காரர்கிட்டயும் போய்ச் சொல்லுங்க. கெளம்புங்க" என்றார். செக்கிங் பேச்சையே எடுக்கவில்லை.

நான் வண்டியை எடுத்தேன். அவன் துணியை மடியில் வைத்துக்கொண்டு, சாயப்பட்டறைக்காரருக்குக் கோபம் வராமல் தமிழில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டே வந்தான்.