கிடாரிக் கன்று ஒன்று

போன மாதம் மாடு கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். கையில் தாள் இல்லை, பேனா இல்லை, போன் மட்டும். மாடு எத்தனை, ஆடு எத்தனை, கோழி எத்தனை என்று வாசலில் நின்றபடியே கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். போனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். எங்கள் காலத்தில் அது இத்தனை சுலபமாக முடிகிற காரியம் இல்லை. எங்கள் வீட்டு ஒற்றை மாட்டை எண்ணுவதற்கு ஒரு மனிதர் மூன்று தடவை மலையேறி வந்தார். அந்தக் கணக்கில் நானும் இருக்கிறேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மஞ்சக்குட்டைக்கு மேலே, காப்பி எஸ்டேட் ஓரத்தில் எங்கள் வீடு. அப்பா மிளகு பறிக்க மரம் ஏறுகிறவர். அம்மாவும் எஸ்டேட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தம்பி பிறந்த பிறகு போகவில்லை. எனக்கு ஏழு வயது. அந்த வருஷந்தான் சர்ச்சுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்திருந்தார்கள். தம்பிக்கு மூன்று மாதம் ஆனபோது அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. நல்லவேளையாக, அதே சமயத்தில் எங்கள் மாடு கன்று போட்டது. பத்தாம் நாள் கன்று செத்துப்போனது.

கன்று முன்னால் நிற்காவிட்டால் மாடு பாலை இறக்காது. மடி கனத்துத் தொங்கும், ஒரு சொட்டு வராது. அதனால் அப்பா கன்றின் தோலை உரித்து, உப்பும் மஞ்சளும் தேய்த்துக் காயவைத்து, உள்ளே காய்ந்த புல்லைத் திணித்துத் தைத்தார். நான்கு குச்சிகளைக் காலாகக் கட்டி மாட்டின் முன்னால் நிறுத்தினார். காது இரண்டும் அப்படியே இருந்தன. கண் இருந்த இடத்தில் ஓட்டை. பனி கொட்டகைக்குள் வந்து நிறையும்போது அந்த ஓட்டைக்குள்ளிருந்து யாரோ என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். மாடு அதை நக்கிக்கொண்டே பாலை விடும். அம்மா அந்தப் பக்கம் திரும்பாமலே கறப்பாள். செத்த கன்றைக் காட்டிப் பால் வாங்குவது பாவம் என்று சிலர் சொல்லுவார்கள். ஆகவே நாங்கள் வெளியில் மூச்சு விடவில்லை.

அப்போதுதான் கணக்கெடுக்கிறவர் முதல் தடவை வந்தார். மூக்குக் கண்ணாடி, குடை, அளவுப் பாத்திரம், மடித்து மடித்து வைத்த ஒரு பெரிய தாள். தன் கண்முன்னே எங்கள் மாட்டைக் கறந்து பாலை அளக்க வேண்டும் என்றார்.

“ஏனுங்க சார், ஒரு மாட்டுப் பாலை அளந்து என்னங்க பண்ணப் போறீங்க?” என்றாள் அம்மா.

“நாட்டுல எவ்வளவு பால் இருக்குது, எவ்வளவு வேணும்னு பாக்கோணுமில்லீங்களா? எல்லா மாட்டையும் அளக்க முடியாதுங்கம்மா. இந்த மலையில இருக்கிற அத்தனை மாட்டுக்கும் பதிலா உங்க மாடுதான் நிக்குது. இது குடுக்கிறதை வெச்சுத்தான் அதுகளுக்கும் கணக்கு.”

“நாட்டுக்கு எவ்வளவு வேணுமோ எனக்குத் தெரியாதுங்க. எங்கூட்டுல இருக்கிறது ஒரு வாய். அதுக்குப் பசி நொம்பங்க.”

அவர் சிரித்தார். வியாழக்கிழமை காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மாட்டுக்குப் பின்னால், பனிக்குள், மலையிலுள்ள மாடுகளெல்லாம் ஓசையில்லாமல் வரிசையாக நிற்பது எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு கொட்டகைக்குத் தனியாகப் போக மாட்டேன் என்றேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் அம்மாவோடு போனேன். கன்று கீழே கிடந்தது. உப்பு ருசிக்கு மாடு நக்கி நக்கி வயிற்றுத் தையல் பிரிந்திருந்தது. உள்ளேயிருந்த புல்லை உருவி உருவி அது தின்றுகொண்டிருந்தது. எந்த அவசரமும் இல்லை. கண்ணைப் பாதி மூடி, நிதானமாக மென்றது. தோல் மட்டும் ஈரத் தரையில் தட்டையாகக் கிடந்தது.

அப்பா வேலைக்குப் போய்விட்டார். வீட்டுக்குள் தம்பி பசியில் கத்தினான். அம்மா மடியைத் தொட்டாள், மாடு உதைத்தது. மேலே பாதையில் குடை தெரிந்தது. அம்மா தோலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“கொஞ்ச நேரம் குனிஞ்சுக்கோ சாமி. அசையக் கூடாது.”

தோல் என் முதுகில் சில்லென்று விழுந்தது. கன்றின் தலை என் தலையின்மேல் உட்கார்ந்தது. முதலில் மாட்டின் மூச்சு வந்தது, பிறகு நாக்கு. அரம் மாதிரி நாக்கு, கழுத்தில், காதுக்குப் பின்னால். அதற்குத் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். தெரிந்தது. நக்குவதை நிறுத்திவிட்டு என் முகத்தை வெகுநேரம் முகர்ந்து பார்த்தது. பிறகு அடித்தொண்டையில், கன்றைக் கூப்பிடுகிற குரலில், ஒரே ஒரு தடவை கூப்பிட்டது. பின்னால் பாத்திரத்தில் பால் விழுகிற சத்தம் கேட்டது. நான் அசைந்தால் பனிக்குள் நிற்கிற அத்தனை மாடும் பாலை நிறுத்திவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கணக்கெடுக்கிறவர் கொட்டகை வாசலோடு நின்றுவிட்டார். அவர் கண்ணாடி பனியில் வெளுத்துப்போயிருந்தது. துடைத்தார்; மறுபடி வெளுத்தது. பாலை வாங்கி அளந்தார்.

“கன்னு ஒண்ணுங்களா?”

“ஆமாங்க.”

“காளைங்களா, கிடாரிங்களா?”

அம்மா தோலுக்கு வெளியே தெரிந்த என் பாவாடை நுனியை உள்ளே தள்ளினாள். “கிடாரிங்க.”

அன்றைக்குத் தம்பி வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கினான். இப்போது சேலத்தில் இருக்கிறான். பால் அவனுக்கு ஆகாதாம், கடுங்காப்பிதான் குடிக்கிறான்.

அப்பா தோலை மறுபடியும் திணித்துத் தைத்து நிறுத்தினார். மாடு அதை ஒரு தடவை முகர்ந்துவிட்டுக் கொம்பால் தள்ளியது. நான் போய் நின்ற பிறகுதான் பால் வந்தது. தோல்கூட வேண்டியிருக்கவில்லை. நான் போதும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் பனி மெல்லக் கறுத்தது. கறுத்த இடம் முகமாயிற்று. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு அத்தனை தூரம் வந்திருந்தது. கம்பியில் மூக்கை வைத்து, அதே குரலில் என்னைக் கூப்பிட்டது.

“ஏய், உங்கம்மா வந்திருக்குது பாரு!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

எனக்கு அவமானமாக இல்லை. உள்ளதைச் சொன்னால் பெருமையாக இருந்தது. அவர்களுக்கெல்லாம் ஒரே ஒரு அம்மாதானே.

“நாளைக்கு மட்டும் போவாத கண்ணு” என்றாள் அம்மா. அந்த நாளை, தம்பி தவழ்ந்து, பல் முளைத்து, நடக்கிற வரைக்கும் நீண்டது. என் படிப்பு ‘ஊ’வோடு நின்றது. மற்ற எழுத்துகளைப் பிற்பாடு பஸ் போர்டுகளைப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டேன்.

ஆடிச் சாரலில் கணக்கெடுக்கிறவர் மறுபடி வந்தார். நல்ல பகல்வேளை. நான் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாளைப் பிரித்து, “போன தடவை கிடாரிக் கன்னு ஒண்ணு இருந்துதுங்களே, எங்கீங்க அது?” என்றார்.

“இங்கதானுங்க இருக்குது” என்றாள் அம்மா. அது அவள் குரல் மாதிரியே இல்லை.

அவர் சுற்றிலும் தேடினார். என்னைப் பார்த்தார். “ஏங்கண்ணு, பள்ளிக்கூடம் போவலையா?”

“மாடு உடாதுங்க சார்” என்றேன், தலையை நிமிர்த்தி.

அவர் பேனா முனையால் தாளிலிருந்த கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். அதை எழுத அதில் இடம் இல்லை போலிருக்கிறது. மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடிகாலையில் அம்மா என்னை எழுப்பித் தலை சீவி, நல்ல பாவாடையாகக் கட்டிவிட்டு, சிலேட்டைக் கையில் கொடுத்தாள். “திரும்பிப் பாக்காம போ” என்றாள். பாதி வழி போயிருப்பேன். மாட்டின் குரல் கேட்டது. திரும்பி ஓடினேன்.

கொட்டகை முழுக்கப் பனி. அப்பா பாத்திரத்தோடு மடியருகே உட்கார்ந்திருந்தார். மாட்டின் முன்னால் ஏதோ ஒன்று கையையும் காலையும் ஊன்றிக் குனிந்து நின்றது. என் பழைய பாவாடையைத் தலையிலிருந்து முதுகுவரை போர்த்தியிருந்தது. மாடு அதை முகர்ந்தது, முட்டியது. அது உருண்டு விழுந்து, எழுந்து, மறுபடி அதே மாதிரி நின்றது. மறுபடியும் முட்டியது. துணிக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தபோதுதான் அது அம்மா என்று தெரிந்தது.

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. என் மாட்டைப் பிடுங்கிக்கொள்ளத்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியிருக்கிறாள்! சிலேட்டை வீசிவிட்டு, அவள் தோளைப் பிடித்துத் தள்ளி, அந்த இடத்தில் நான் நின்றேன். மாடு என்னை நக்கியது. பால் விழுகிற சத்தம் கேட்டது. அம்மா ஈரத் தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்து அழுதாள். தோற்றுப்போனதற்காக அழுகிறாள் என்று நினைத்து, கழுத்தை மாட்டுக்கு இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தேன்.