களவெட்டிக்குள் கூட்டிப்போன நாள்

நான் கல்முனையில் கடைக்காரர் வீட்டில் பிறந்தவள். நெல்லைச் சாக்கில்தான் கண்டிருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் பெண்கள் பாடசாலையொன்றில் புவியியல் படிப்பித்தபோது, பாடப்புத்தகத்து நீர்ப்பாசனப் படத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். நிஜ வாய்க்கால் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் ஓட, கரும்பலகையில் நீலக் கோடு கீறிக்கொண்டிருப்பதா? பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிப்போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். "எல்லாம் உங்கட பொறுப்பு டீச்சர்" என்று அதிபர் கைகழுவிவிட்டார்.

பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் வாப்பாவுக்குச் சவளக்கடைப் பக்கம் வயல் இருந்தது. அவள்தான் அவரிடம் கெஞ்சி அனுமதி வாங்கித் தந்தாள். கெட்டிக்காரி, இரண்டு அக்காமாருக்கு இளையவள். "ராத்தாமார் ரெண்டு பேரையும் போல என்னையும் வீட்டுல வெச்சிருவாங்க டீச்சர். சோதின எழுதிப் பாஸ் பண்ணிட்டா தப்பிருவன்" என்பாள். சோதனைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. முதலில் வயலின் படத்தைக் கீறித் தரச் சொன்னேன். மறுநாளே கொப்பியில் கீறித் தந்தாள். அன்றைக்குத் திருத்த வேண்டிய கொப்பிகள் ஒரு கட்டு.

நாங்கள் போனது அறுவடைக் காலம். மதகையும் வாய்க்காலையும் பார்த்துவிட்டு வரம்பு வழியே நடந்தோம். மேட்டில், நெல்லடிக்கும் களவெட்டியில், கதிரின் மேல் உழவு இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் வரம்பிலேயே நின்றுவிட்டாள்.

"இங்கிருந்தே பாப்பம் டீச்சர்."

"என்ன வெக்கம்? வாகா!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, காலில் செருப்போடு, உள்ளே போனேன். டீச்சரின் கையை உதறும் பிள்ளையல்ல அவள். இயந்திரம் நின்றது. ஆண்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அவளுடைய வாப்பா ஓடிவந்தார். "டீச்சர், அங்கால நிழல்ல இருங்க. தேத்தண்ணி தாறன்" என்றார். வெயிலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன், மடைச்சி.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு காலம் தப்பிய மழை கொட்டியது. களத்தில் கிடந்த நெல்லெல்லாம் நனைந்து, இரண்டு மூன்று நாளில் முளை கட்டிவிட்டது.

அடுத்த வாரம் முழுக்க அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வாப்பா நான் உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார், ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மழை அல்லாஹ்ட நாட்டம் டீச்சர். ஆனா பொம்புளக் கால் பட்ட களம் எண்டு ஊரெல்லாம் கதை. இனி இவள வெளிய விட ஏலா. கலியாணமும் பேசியாச்சி."

"இழுத்துப் போனது நான்தானே! எனக்கு அந்த வழக்கம் தெரியாது."

"ஓம், உங்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியுமே."

சோதனையை மட்டுமாவது எழுத விடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கதவுச் சீலைக்குப் பின்னால் அவள் நிற்பது தெரிந்தது.

அவளுடைய கொப்பி என் மேசையிலேயே கிடந்தது. திரும்பி வந்து படத்தைப் பிரித்தேன். வாய்க்கால், மதகு, வரம்பு எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. களவெட்டிக்கு ஒரு வட்டம் கீறி, பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: "இதற்குள் பெண்கள் போவதில்லை."

அந்த வரியின் மேலேயே என் சிவப்புப் பேனை பெரிதாகச் சரி போட்டிருந்தது. கீழே, "மிக நன்று."