இருபதாவது பச்சோந்தி

பச்சோந்திக்கு விஷம் கிடையாது என்று சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் மூன்று ஷிப்டுக்கும் வகுப்பு எடுத்தவன் நான். டீ குடிக்க வெளியே வந்தால் போதும், யாராவது ஒருவன் என்னிடம் சிக்குவான். "அது கடிச்சா பல்லுகூடப் பதியாதுடா" என்று ஆரம்பித்தால் சங்கு ஊதும்வரை விடமாட்டேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அறிவியல் மொத்தமும் என்னிடம்தான் குடியிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மண்ணெண்ணெய் டின். எண்பதுகளின் தொடக்கம், வில்லியனூர் பக்கத்தில் வாடகை வீடு. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், வயிறு பருத்த பச்சோந்தி ஒன்று வேலியிலிருந்து இறங்கி, மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போனது. அக்கம்பக்கத்தார் முட்டைகளை நசுக்கக் கொம்போடு வந்தார்கள். நான் கரண்டியோடு போனேன். முட்டைகள் வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்தால் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் எண்ணவில்லை. டின்னில் ஈரமணல் போட்டு அப்படியே புதைத்து வைத்தேன்.

அதே மாதங்களில் என் மனைவியும் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குப் பாகூரில் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ் ஏறும்போது கேட்டாள்: "உங்களுக்கு என்னப் பத்தி கவலயா, டின்னப் பத்தியா?"

"உன்னப் பாத்துக்க அங்க ஆள் இருக்கு" என்றேன். அந்தப் பதிலை அவள் மறந்ததாக இன்றுவரை தகவல் இல்லை.

சித்திரையில் மூன்று மாதக் குழந்தையோடு திரும்பி வந்தாள். கொண்டுவந்து விட்டவர் மச்சான், அவளுடைய அண்ணன். பாகூரில் நெல் விவசாயம். மாப்பிள்ளை என்று மரியாதையாகக் கூப்பிட்டபடியே மானத்தை வாங்குவதில் கெட்டிக்காரர். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று தங்கினார். வெள்ளிக்கிழமை நான் பகல் ஷிப்டில் இருந்தபோது டின்னுக்குள் மணல் அசைந்திருக்கிறது. மனைவியும் குழந்தையும் அசந்து தூக்கம். ஆறு மாதமாக நான் காத்துக் கிடந்த காட்சியை மச்சான் பீடி பிடித்தபடி தனியாகப் பார்த்து முடித்துவிட்டார்.

நான் வந்தபோது குஞ்சுகள் எல்லாம், ஏற்கெனவே நான் செய்து வைத்திருந்த கொசுவலைக் கூண்டுக்குள், கொய்யாக் கிளையில் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் பாதி. ஒரு கண் என்னைப் பார்த்தால் இன்னொரு கண் மச்சானைப் பார்த்தது.

"எத்தனை மச்சான்?"

"லாபத்தோட பத்தொம்போது, மாப்ள."

பத்தொன்பது, அதற்குமேல் லாபமாக ஒன்று. ஆக இருபது. கணக்கில் நான் எப்போதுமே கெட்டி. மனைவியிடமும் இருபது என்றே சொன்னேன்.

வெளியே காக்கைத் தொல்லை என்பதால் கூண்டை வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தேன். அழுகிய வாழைப்பழத் தோலைக் கொட்டாங்கச்சியில் போட்டு உள்ளே வைத்தால் பொடி ஈக்கள் மொய்க்கும். குஞ்சுகள் நாக்கை வீசிப் பிடிக்கும். இலைமேல் தண்ணீர் தெளித்தால் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். சனிக்கிழமை பூராவும் அந்த வீட்டில் தாய்மைப் பூரிப்போடு திரிந்தது நான்தான்.

ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, கிளையை மாற்றும்போது முதல்தடவையாக எண்ணினேன். பத்தொன்பது. இந்தப் பக்கமிருந்து எண்ணினேன், அந்தப் பக்கமிருந்து எண்ணினேன். பத்தொன்பதுதான். வலையின் முடிச்சு வேறு அவிழ்ந்திருந்தது. கூண்டிலிருந்து மூன்றடி தள்ளி, என் மகள் படுத்திருந்த தூளி.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எச்சில் பட்டால் உடம்பு வீங்கும், உற்றுப் பார்த்தால் ரத்தத்தை உறிஞ்சும் என்று டீக்கடையில் யார் யாரோ சொல்லி நான் சிரித்துத் தள்ளிய அத்தனையும் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தன. தூளியை விலக்கினேன். குழந்தை எதையோ சப்பிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். அவளுடைய கட்டைவிரல்தான் இருந்தது. அவள் வீலென்று கத்தினாள். கத்திக் கத்தி முகம் சிவந்தது. ஐயோ நிறம் மாறுதே என்று நானும் கத்தினேன்.

மனைவி ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "இன்னா பண்ணீங்க புள்ளய?"

"ஒரு குஞ்சக் காணோம்."

"அதுக்குத்தான் விஷம் இல்லயே?"

"இல்லதான்."

"அப்ப எதுக்குக் கட்டில் மேல ஏறி நிக்கிறீங்க?"

நான் ஏறியதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் பையை எடுத்தாள். கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளை அதற்குள் திணித்தாள். "பன்னண்டு மணி பஸ்ஸுக்குள்ள அது கெடைக்கணும். இல்லன்னா அண்ணனோட பாகூருக்குப் போயிடுவேன். நீங்க அதுங்களோட குடும்பம் நடத்துங்க." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் பிரிந்திருந்து, வந்து நாலு நாள்கூட ஆகவில்லை.

தேடினேன். தலையணையைப் பிரித்தேன், அரிசிப் பானையைத் தரையில் கவிழ்த்தேன். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி என்று நேர்ந்துகொண்டேன். கால்மணி நேரத்தில் அது பத்து மெழுகுவர்த்தியானது. நிறம் மாறுகிற பிராணியை எதைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிப்பது? பச்சையாக இருந்த எதையும் நம்ப முடியவில்லை. ஒரு மிளகாயை உள்ளங்கையில் வைத்து, கண் திறக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தேன்.

அப்போதுதான் மச்சான் ஆட்டுக்கறியை இலையில் மடித்து எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "இன்னா மாப்ள, வூட்டக் காலி பண்றீங்களா?"

"ஒரு குஞ்சு காணோம் மச்சான்."

"கூண்டுல எத்தினி கீது?"

"பத்தொன்பதுதான் இருக்கு."

"சரியாத்தான கீது?"

"லாபத்தோடன்னு சொன்னீங்களே! பத்தொன்பதும் லாபம் ஒண்ணும் இருபது இல்லையா?"

மச்சான் கறியை மெதுவாகக் கீழே வைத்தார். தரையில் கிடந்த அரிசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த மிளகாயைப் பார்த்தார். "களத்துல நெல்லு அளக்கறப்ப மொத மரக்கால ஒண்ணுன்னு எவனாவது சொல்வானா? லாபம்னுதான் சொல்வான். அப்புறம் ரெண்டு, மூணு. லாபந்தான் மாப்ள அந்த ஒண்ணு!"

என் அப்பா மில் தொழிலாளி. நான் பிறந்து வளர்ந்தது டவுனில். எனக்கு நெல் அறிமுகமானதே ரேஷன் அரிசியாகத்தான்.

அப்படியே அரிசியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் தப்பிக்கவில்லை, ஒன்றும் தூளிக்குள் போகவில்லை. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று புரிந்தது.

"பாருண்ணா, நெல்லுக்காரன் வூட்ல பொண்ணு எடுத்துட்டு, லாபம்னா இன்னான்னு தெரியல இவருக்கு."

"எப்புடிம்மா தெரியும்? ஒன்னக் கட்டிக்கினு லாபத்தக் கண்டாரா மனுசன்?"

அண்ணன் முதுகில் ஒரு அடி விழுந்தது.

கூண்டு அன்றைக்கே பின்புறம் முருங்கை நிழலுக்குப் போனது. ஒரு மாதம் கழித்து வேலியில் விடும்வரை குஞ்சுகள் அங்கேதான் வளர்ந்தன, நான் கொம்பை வைத்துக் காக்கை ஓட்டினேன். அரிசியைப் புடைத்துப் பானையில் போட்டு, கறிச்சோறு ஆக்கிச் சாப்பிட மணி மூன்றாகிவிட்டது. பன்னிரண்டு மணி பஸ் எப்போது போனதென்று யாரும் கவனிக்கவில்லை. சாப்பிட்டபின் அவள் பையிலிருந்து துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். நான் போய்த் தூளியை ஒருதரம் உதறினேன். கணக்கு சரிதான், இருந்தாலும் உதறினேன்.

"இன்னாத்தத் தேடுறீங்க?"

"ஒண்ணும் இல்ல" என்றேன். உண்மையிலேயே ஒன்றும் இல்லை.